பழைய கார்ல ஏசி வரலையா? கேஸ் போடுவதற்கு முன்னால் சில கேள்விகள்

1/ வேலை பார்ப்பது அரசு மருத்துவமனையில், ஓட்டுவது 2009 மாடல் கார். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் என்னை மாதிரி பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நிறைய. வெயில் ஆரம்பித்தாலே ஒரே புலம்பல்தான்: "ஏசி போட்டா காத்துதான் வருது, குளிரவே மாட்டேங்குது." இந்த இழை அவர்களுக்காக. கடைசி வரை படித்துவிடுங்கள். முடிவில் சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது.

2/ ஓபியில் "உடம்பு சரியில்ல"ன்னு வந்து நின்றால் உடனே மாத்திரை எழுத மாட்டோம். எப்போ ஆரம்பிச்சது, எப்போ கூடுது, எப்போ குறையுதுன்னு கேட்போம். பாதி நோய் அங்கேயே பிடிபடும். ஏசியும் அப்படித்தான். காற்றே சரியாக வரலையா? இல்லை, காற்று வருது, குளிர்ச்சி மட்டும் இல்லையா? முதல் கேள்வி இதுதான்.

3/ காற்றே கம்மி என்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். நம்ம ஏரியா தூசிக்கு ஒரே வருஷத்தில் அடைத்துக்கொள்ளும். ப்ளோயர் நாலாம் நம்பரில் மட்டும் ஓடி, ஒன்று, இரண்டு, மூன்றில் ஓடவில்லையா? பெரும்பாலும் ரெசிஸ்டர் போயிருக்கும். சின்ன செலவு. இதுக்குப் போய் கேஸ் போட்டால் காசுதான் போகும்.

4/ சிடிஎச் ரோட்டில் ஓடும்போது ஜில்லுன்னு இருக்கு, சிக்னலில் நின்றதும் சூடாகிறதா? ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரின் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்றே கண்டன்சரை ஆற்றிவிடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும்.

5/ இப்போது கேஸ். பெட்ரோல் மாதிரி அது செலவாகித் தீர்வதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும். ரெண்டு மாசத்தில் குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். எங்கே ரத்தம் போகிறது என்று பார்க்காமல் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினால் எப்படி இருக்கும்? அதே கதைதான். "முதல்ல லீக் டெஸ்ட் பண்ணுங்கண்ணே, அப்புறம் கேஸ் போடலாம்"னு கேளுங்கள். தப்பே இல்லை.

6/ "சென்னையில ஹீட்டர் யாருக்கு வேணும்?" நியாயமான கேள்வி. ஆனால் எஞ்சினைச் சுற்றி வரும் சூடான கூலன்ட்தான் ஹீட்டருக்கும் போகிறது. ஹீட்டர் வால்வோ, காற்றைத் திருப்பும் தகடோ பாதியில் சிக்கிக்கொண்டால், ஏசி நல்லா வேலை செய்தாலும் வெந்நீர்க் குழாய் சூடு அதில் கலந்து வரும். பழைய வண்டிகளில் இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

7/ முன் சீட் மேட் ஈரமா? தெளிந்த தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். பச்சை, பிங்க் நிறத்தில் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். குழந்தைகளைத் தொட விடாதீர்கள், நாக்கில் வைத்துப் பார்க்கவே வேண்டாம்.

8/ டிராஃபிக்கில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா? ஏசியை அணைத்து, ஜன்னலை இறக்கி, ஹீட்டரை முழுசாக வையுங்கள். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் அது வழியாக வெளியேறும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சூடு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

9/ இப்போது முக்கியமான விஷயம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம்ம பக்கம் எத்தனை கார் தண்ணீரில் நின்றது என்று உங்களுக்கே தெரியும். அப்படி நின்ற வண்டியில் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழலாம். சைலன்சர் பைப்பும் துருவேறி லீக் ஆனால், புகை அந்த வழியாக உள்ளே வரும். அதில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை.

10/ ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், தூக்கம். அப்புறம் மயக்கம். "வெயில்ல வந்த தலைவலி"ன்னு தைலம் தேய்த்துவிட்டுப் போய்விடுவோம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் ஏமாற்றும், 98 என்றே காட்டலாம்.

11/ 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. இங்கே ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்க ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றி, வண்டிக்குள்ளேயே தூங்கும் டிரைவர் அண்ணன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செய்திதான் ஞாபகம் வரும். தயவுசெய்து வேண்டாம்ணா. எஞ்சினை அணைத்து, ஜன்னலை இறக்கிவிட்டுத் தூங்குங்கள். கொசு கடித்தால் பரவாயில்லை.

12/ ஒரு அடையாளம் மட்டும் நினைவில் வையுங்கள்: காரில் ஏறினால் தலைவலி, இறங்கினால் சரியாகிறது. அதுவும் கூட வருபவருக்கும் அதே தலைவலி. அப்படி என்றால் ஏசியை உள்காற்றுக்கு மாற்றினால் போதும் என்று இருக்காதீர்கள். நிறுத்துங்கள், எல்லோரும் வெளியே வாருங்கள். யாராவது மயங்கினால் 108. வண்டிக்குள் இருந்தபோது மயங்கினார் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். முழு ஆக்சிஜன் மாஸ்க் போட்டால் ரத்தத்தில் உள்ள விஷம் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். வெறும் காற்றில் நாலைந்து மணி நேரம் ஆகும்.

13/ அடுத்த தடவை ஏசி வேலைக்குப் போகும்போது வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடித்தகடையும் சைலன்சர் பைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கும், கால் டாக்ஸி ஓட்டும் அண்ணன்களுக்கும் இதை அனுப்பிவிடுங்கள்.