வெளியே மாட்டுவதா, உள்ளே பொருத்துவதா?

மே 10, ஆஸ்டின்

இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான (ஆர்வி) பழைய ஃபிஃப்த் வீல் டிரெய்லர் ஒன்றை வாங்கிவிட்டோம். இரண்டு ஏசி, மைக்ரோவேவ், பெரிய பிரிட்ஜ், மின்சார வாட்டர் ஹீட்டர் எல்லாம் உள்ள 50 ஆம்பியர் வண்டி. சாவியைக் கொடுக்கும்போது விற்றவர் கேட்டார்: சர்ஜ் புரொடெக்டர் போர்ட்டபிளாக வாங்கப் போகிறீர்களா, ஹார்டுவயர்டா? இன்று முழுக்க அதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறேன்.

ஆர்வி முகாம்களில் ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மின்பெட்டி நிற்கும். பெடஸ்டல் என்பார்கள். போர்ட்டபிளை அந்தப் பெட்டியில் செருகி, அதன் மறுமுனையில் வண்டியின் கேபிளை மாட்ட வேண்டும். கிளம்பும்போது கழற்றிக்கொள்ளலாம். ஹார்டுவயர்டு வண்டிக்குள்ளேயே இருக்கும். கேபிள் உள்ளே வரும் இடத்துக்கும் பிரேக்கர் பெட்டிக்கும் நடுவில் ஒயரை வெட்டி, நிரந்தரமாகப் பொருத்திவிடுவார்கள்.

கடைக்குப் போய்ப் பார்த்தால் அதற்கும் முந்தைய ஒரு கேள்வி இருக்கிறது. 100 டாலர் வாக்கில் ஒரு பொருள், 300 டாலருக்கு மேல் இன்னொன்று. இரண்டின் பெட்டியிலும் சர்ஜ் என்றே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. மலிவானதில் வேலை செய்வது மெட்டல் ஆக்சைடு வேரிஸ்டர் என்ற சின்ன வட்டு. சாதாரண வோல்டேஜில் அது சும்மா கிடக்கும். பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்து, கண் இமைப்பதற்குள் வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் எகிறினால், அந்த ஆற்றலைத் தன் வழியே இழுத்துச் சூடாக்கித் தீர்த்துவிடும். எத்தனை ஜூல் தாங்கும் என்பதுதான் பெட்டியில் அச்சிட்ட எண். ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேய்ந்துகொண்டே போகும்.

ஆனால் 120 இருக்க வேண்டிய வோல்டேஜ் 98க்கு இறங்கினால்? மின்பெட்டிக்குள் ஒயரை மாற்றி மாட்டியிருந்தால்? எர்த்தே இல்லாவிட்டால்? வேரிஸ்டருக்கு இதெல்லாம் தெரியாது. இத்தனையையும் அளந்து பார்த்து, சரியில்லை என்றால் மின்சாரத்தை வண்டிக்குள் விடாமல் தடுக்கும் கருவிக்கு இஎம்எஸ் என்று பெயர். எலக்ட்ரிகல் மேனேஜ்மென்ட் சிஸ்டம். புரோகிரசிவ் இண்டஸ்ட்ரீஸ் செய்வது 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் 132க்கு மேலே ஏறினாலும் துண்டித்துவிடும். ஹியூஸ் நிறுவனத்தின் பவர் வாட்ச்டாக், சவுத்வயரின் சர்ஜ் கார்டு ஆகியவற்றிலும் இப்படித் துண்டிக்கும் மாதிரிகள் உண்டு. இவை போர்ட்டபிளாகவும் கிடைக்கின்றன, ஹார்டுவயர்டாகவும் கிடைக்கின்றன.

ஆக இஎம்எஸ் என்று முடிவு செய்தாயிற்று. எந்த வடிவம் என்பது மட்டும் பாக்கி.

மே 13

இரவு அப்பாவிடம் பேசினேன். திருநெல்வேலியில் மின்வாரிய ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜூல் கணக்கையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நியூட்ரல் அந்துபோச்சுன்னா அந்தப் பெட்டி என்னம்மா செய்யும்?”

நம் ஊரில் மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 230 வர வேண்டிய வீட்டில் 400ஐ நெருங்கி ஏறும். தெருவில் டிவி, பிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் ஒரே நேரத்தில் போகும். நடுராத்திரியில் கம்பம் ஏறிய நாள்களைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் நான் குறுக்கே பேசுவதில்லை.

இங்கே 50 ஆம்பியர் பிளக்கில் நான்கு கால்கள். 120 வோல்ட் லைன் இரண்டு, ஒரு நியூட்ரல், ஒரு எர்த். இரண்டு லைனுக்கும் நடுவே 240. நியூட்ரல் சரியாக இருக்கும்வரை ஒவ்வொரு பக்கமும் தன் 120ஐ வாங்கிக்கொண்டு ஒழுங்காக இருக்கும். நியூட்ரல் போய்விட்டால் இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் கோத்துக்கொண்டு 240ஐப் பங்கு போடும். அது சமபங்காகவும் இருக்காது.

அப்பாவோடு போனிலேயே கணக்குப் போட்டேன். ஒரு பக்கத்தில் 1,440 வாட் வாட்டர் ஹீட்டர், அதாவது 10 ஓம். மறுபக்கத்தில் டிவி, சார்ஜர், விளக்கு எல்லாம் சேர்ந்து 240 வாட் என்று வைத்தால் 60 ஓம். மொத்தம் 70. ஹீட்டருக்குக் கிடைப்பது 34 வோல்ட். டிவி இருக்கும் பக்கத்துக்கு 206. கூடுதல் சுமை உள்ள பக்கம் பட்டினி கிடக்க, குறைந்த சுமை உள்ள பக்கம் எரிந்துபோகும். இது கண நேரத்துப் பாய்ச்சல் அல்ல, யாராவது பிளக்கைப் பிடுங்கும்வரை இப்படியே நிற்கும். வேரிஸ்டரால் இதைத் தாங்கவே முடியாது. இஎம்எஸ் 132ஐத் தாண்டியதுமே துண்டித்துவிடும்.

“அப்போ அது கண்டிப்பா வேணும். எங்க மாட்டுனாலும் சரி” என்று அப்பா முடித்துவிட்டார்.

30 ஆம்பியர் வண்டியில் லைன் ஒன்றுதான். நியூட்ரல் அறுந்தால் கரண்ட் வராது, அதோடு சரி. அந்த வண்டிக்கு வேறு ஆபத்து இருக்கிறது. டிடி-30 என்ற மூன்று கால் சாக்கெட் பார்ப்பதற்குத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் பழைய 240 வோல்ட் சாக்கெட்டைப் போலவே இருக்கும். வீட்டு வேலை மட்டுமே பார்த்துப் பழகிய எலக்ட்ரீஷியன் அதற்கு 240ஐ இணைத்துவிடுவது இந்த நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது. தன் வீட்டு முற்றத்தில் ஆசையாக ஒரு சாக்கெட் வைத்துக்கொண்டு, முதல் நாளே வண்டியிலுள்ள அத்தனையையும் பறிகொடுத்தவர்கள் உண்டு.

மே 24

வண்டியின் முன்னறையைத் திறந்து, பலகையைக் கழற்றி, கேபிள் போகும் வழியை நானும் கணவரும் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஹார்டுவயர்டு பெட்டிக்கு இடம் தாராளமாக இருக்கிறது.

எங்களுடையதைப் போல ஜெனரேட்டர் உள்ள வண்டியில் எந்த இடம் என்பது முக்கியம். முகாம் மின்சாரமா, ஜெனரேட்டரா என்று தானாக மாற்றிக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் சுவிட்சுக்கு முன்னால் இஎம்எஸ்ஸைப் பொருத்தினால் முகாம் மின்சாரத்துக்கு மட்டும் காவல். பின்னால் பொருத்தினால் ஜெனரேட்டர் கோளாறையும் பிடிக்கும். போர்ட்டபிளால் இது ஆகாது. அது வெளியே மின்பெட்டியில் அல்லவா தொங்குகிறது. தூக்கிச் செல்லும் சிறிய ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றில் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்காது. எர்த் இல்லை என்று இஎம்எஸ் கரண்டை உள்ளே விடாது. இரண்டையும் இணைக்கும் பிளக் ஒன்றை ஜெனரேட்டரில் செருகினால் சரியாகும்.

மே 30

நண்பர் ஒருவர் தன் போர்ட்டபிள் இஎம்எஸ்ஸை இந்தப் பயணத்துக்குக் கொடுத்திருக்கிறார். பயன்படுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றார். நல்ல கனம்.

ஜூன் 13, ஐ-10 சாலையில் மேற்கே

தனியார் முகாம் ஒன்று. வெயில் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. வண்டியை இடத்தில் நிறுத்தும் முன்பே கணவர் இறங்கிப் போய், பிரேக்கரை அணைத்து, இஎம்எஸ்ஸைச் செருகி, மறுபடி போட்டுப் பார்த்தார். 118. ஒயர் இணைப்பு சரி. அதற்குப் பிறகுதான் வண்டியைப் பின்னால் எடுத்தோம். போர்ட்டபிளின் பெரிய லாபம் இதுதான் என்று நேரில் புரிந்தது. வண்டியை இழுவையிலிருந்து பிரித்து, மட்டம் பார்த்து, தண்ணீர்க் குழாய் மாட்டிய பிறகு மின்பெட்டி பழுது என்று தெரிந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும்.

மாலை நாலரைக்கு இரண்டு ஏசியும் நின்றன. திரையில் E4. லோ வோல்டேஜ். வரிசையிலிருந்த வண்டிகள் எல்லாவற்றிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இருந்தது கடைக்கோடி. இந்த நாட்டில் வீட்டுக்கு வரும் வோல்டேஜ் 114க்கும் 126க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது வரையறை. இங்கே 103. வோல்டேஜ் குறையக் குறைய கம்ப்ரசர் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், காயில் சூடேறும். அன்றைக்கே போகாது. ஆனால் ஆயுள் அங்கேதான் குறைகிறது. ஏன் போனது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நாம் வைக்கும் ஸ்டெபிலைசர் போல இஎம்எஸ் வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்காது, துண்டிக்க மட்டும்தான் செய்யும். தூக்கிக் கொடுக்க ஆட்டோஃபார்மர் என்று தனிக் கருவி இருக்கிறது. நாங்கள் ஒரு ஏசியை அணைத்து வைத்தோம். வோல்டேஜ் 107க்கு ஏறியது. துண்டித்தால் இந்தக் கருவி உடனே திரும்ப இணைக்காமல் 136 வினாடி காத்திருக்கும். கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமனாக அந்த அவகாசம் வேண்டும். அந்த இரண்டு நிமிடமும் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கருவியின் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது.

பக்கத்து வண்டியில் ஒரு முதியவர். இரவு எட்டு மணிக்குத் தன் போர்ட்டபிளுக்குச் சங்கிலி சுற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். முன்பு வேறோர் இடத்தில் ஒன்றைத் திருடிக்கொண்டு போய்விட்டார்களாம். பூட்டு போட்டாலும் மின்பெட்டியின் மூடி சரியாகச் சாத்தாமல் போகிறது என்று குறைப்பட்டார். எனக்கு அதைவிட அதன் கனம்தான் கவலை. பல்லாயிரம் முறை பிளக் செருகித் தளர்ந்துபோன பழைய சாக்கெட்டில் அந்த எடை தொங்கினால் தொடுப்பு இன்னும் தளரும். தளர்ந்த இடம் சூடாகும். பிளக் உருகிய படங்களை நிறையப் பார்த்தாயிற்று. போர்ட்டபிள் மாட்டும்போது ஒரு தொடுப்பு இருந்த இடத்தில் இரண்டாகிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஜூன் 16, எல் பாசோ

இரவு இவ்வூர் நண்பர் ஒருவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அடாப்டர் போட்டு, கராஜ் சாக்கெட்டிலிருந்து கரண்ட் எடுத்தோம். இங்கே தமிழ்க் குடும்பங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகும்போது இது சாதாரணம். அதனால் இதை எழுதி வைக்கிறேன்.

1960களுக்கு முந்தைய வீடுகளில் எர்த் ஒயரே இல்லாத சாக்கெட்டுகள் உண்டு. மூன்று கால் பிளக்குக்காக யாரோ ஒருவர் உள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து வைத்திருப்பார். அதிலும் லைனும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், எர்த் காலில் 120 வோல்ட் நிற்கும். மூன்று விளக்கு டெஸ்டர் சரி என்றுதான் காட்டும். இஎம்எஸ்ஸுக்கும் எல்லாம் சரியாகவே தோன்றும். ஆர்வி மின்சாரப் பாதுகாப்பு பற்றி நெடுங்காலமாக எழுதிவரும் மைக் சோக்கல் இதைத் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறார்.

பிழையைக் கண்டுபிடித்தாலும் இஎம்எஸ் துண்டிப்பது கரண்ட் வரும் ஒயர்களைத்தான். எர்த் ஒயர் இணைந்தேதான் இருக்கும். அந்த எர்த்திலேயே மின்சாரம் வந்தால் வண்டியின் உலோக உடம்பு முழுக்கக் கரண்ட் பாயும். ரப்பர் டயரில் நிற்கிற வண்டி, தரைக்கு இறங்க வழியில்லை. ஈரத் தரையில் நின்று கைப்பிடியைத் தொடுகிறவர் வழியாகத்தான் அது இறங்கும். போர்ட்டபிளோ ஹார்டுவயர்டோ, இதற்கு இரண்டுமே பதில் இல்லை. தொடாமலே மின்சாரத்தைக் காட்டும் பேனா போன்ற டெஸ்டர் 20 டாலர் வாக்கில் கிடைக்கிறது. பிளக்கைச் செருகியதும் அதை வண்டியின் உலோகத்துக்கு அருகில் காட்டிப் பார்த்த பிறகே பிள்ளைகளைக் கிட்டே விட்டேன்.

ஜூன் 28, ஆஸ்டின்

ஹார்டுவயர்டு 50 ஆம்பியர் இஎம்எஸ் வாங்கிவிட்டோம். டிரான்ஸ்ஃபர் சுவிட்சுக்குப் பின்னால், ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்தினோம். கேபிளைக் கழற்றி, ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே அவர் ஒயரில் கை வைத்தார். திருகு ஒவ்வொன்றையும் குறித்த அளவுக்கு முறுக்கினார். ஓடும் வண்டியில் அதிர்வால் திருகு தளரும், வருஷத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை அணைத்துவிட்டுத் திரும்ப முறுக்கிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். திரை சமையலறைச் சுவரில் இருக்கிறது. பக்கத்திலேயே பைபாஸ் சுவிட்ச். கருவியே பழுதானால் பயணம் நின்றுவிடாது. ஆனால் பைபாஸ் போட்டால் காவல் இல்லை.

போர்ட்டபிளை நான் குறைத்துச் சொல்லவில்லை. மழை கொட்டும் இரவில் ஒன்பது மணிக்கு முகாமுக்கு வந்து சேர்ந்து, பிள்ளைகள் பசியில் அழும்போது, இன்றைக்கு ஒருநாள் வேண்டாம் என்று அதைப் பெட்டியிலேயே விட்டுவிட முடியும். உள்ளே பொருத்தியதை யாரும் விட்டுவிட முடியாது. நியூட்ரல் அறுந்தால் 200 வோல்ட் ஏறக்கூடிய 50 ஆம்பியர் வண்டிக்கு அந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன். வண்டியை நிறுத்தும் முன் மின்பெட்டியைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் வைத்துக்கொண்டோம்.

ஜூலை 12

நண்பரின் போர்ட்டபிளைத் திருப்பிக் கொடுத்தோம். அவருடையது முன்பு 30 ஆம்பியர் வண்டி. அதற்குச் சிறியது போதுமே, ஏன் இதை வாங்கினீர்கள் என்றேன். அடுத்து பெரிய வண்டி வாங்கும் எண்ணத்தில்தான் 50 ஆம்பியரில் வாங்கி, அடாப்டரோடு ஓட்டினாராம். வண்டி மாறினாலும் கருவி கூட வருகிறது. ஹார்டுவயர்டில் அந்த வசதி கிடையாது.

மின்னல் அடிக்கும்போது இவை எதையும் நம்பி இருக்காதீர்கள். நேரடி இடியைத் தாங்கும் ஜூல் எண் எந்தப் பெட்டியிலும் இல்லை. இடி தொலைவில் கேட்கும்போதே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கோடை விடுமுறைக்கு வண்டி வாடகைக்கு எடுத்துக் கிளம்பும் நம் குடும்பங்கள் ஒவ்வொரு வருஷமும் கூடிக்கொண்டே இருக்கின்றன. அந்த வண்டிகள் பெரும்பாலும் 30 ஆம்பியர். ஒயரை வெட்ட உங்களுக்கு உரிமையும் இல்லை. நான்கு வீட்டார் சேர்ந்து 30 ஆம்பியர் போர்ட்டபிள் இஎம்எஸ் ஒன்றை வாங்கி, யார் கிளம்பினாலும் அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். கூடவே அந்த 20 டாலர் டெஸ்டரையும் போட்டு அனுப்புங்கள். சொந்தமாக 50 ஆம்பியர் வண்டி வாங்கி, நாலைந்து வருஷமாவது அதை வைத்திருக்கப் போகிறவர்கள் உள்ளேயே பொருத்திவிடுங்கள்.