பாதியில் நிற்கும் நூல்

நுழையும்முன்

பலரும் போற்றும் நூலொன்று நமக்குச் சலிப்பைத் தருவதுண்டு. அதனைத் தொடர்ந்து படிப்பதா, மூடி வைப்பதா? செங்கல்பட்டு மண்ணோடு தொடர்புடைய ஒரு புதினத்தை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

தமிழ் வகுப்பில் மாணவர்கள் சொல்லத் தயங்கும் சொற்களுள் ஒன்று ‘சலிப்பு’. புகழ்பெற்ற நூலைப் பிடிக்கவில்லை என்றால் நம் அறிவையே பிறர் ஐயுறுவரோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். ஆயினும், வெளியிடப்படாத சலிப்பு உள்ளேயே தங்கி, நாளடைவில் வாசிப்பின்மீதே வெறுப்பாக மாறிவிடும். ஆதலின் அதனை மறைக்காமல் பேசுவது நன்று.

நம் மண்ணின் கதை

செங்கல்பட்டை அடுத்த வல்லத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைக் கோயில் உள்ளது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சென்றால் மாமல்லபுரத்தை அடையலாம். இப்பல்லவ நாட்டைக் களமாகக் கொண்டு கல்கி எழுதிய புதினம் ‘சிவகாமியின் சபதம்’. ‘கல்கி’ வார இதழில் 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்த இது, நான்கு பாகங்களும் இருநூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களும் கொண்டது.

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்நூலை நூலகத்திலிருந்து எடுத்துச் சென்றாள். பத்து நாளில் முடித்துவிட எண்ணி விரைந்து படித்தவள், முதல் பாகத்தின் நடுவிலேயே நின்றுவிட்டாள். “ஐயா, எல்லாரும் புகழும் கதை எனக்கு மட்டும் நகரவே இல்லை. எனக்குப் படிக்கவே வராது போலும்” என்றாள். நூலைப் பற்றி அவள் கூறியது என்னை வருத்தவில்லை. தன்னைப் பற்றி அவள் வழங்கிக்கொண்ட தீர்ப்பே வருத்தியது.

சலிப்புக்குக் காரணம் உண்டு

“எது உன்னை நிறுத்தியது?” என்று வினவினேன். முன்பு சொன்னதையே ஆசிரியர் மீண்டும் நினைவூட்டுகிறார் என்றும், காட்சி சூடுபிடிக்கும்போது கதை வேறிடம் சென்றுவிடுகிறது என்றும் கூறினாள். அவள் கண்டது சரியே. இவையிரண்டும் தொடர்கதைக்குரிய இயல்புகள். அடுத்த இதழுக்காக ஒரு வாரம் காத்திருந்தவருக்கு நினைவூட்டல் தேவைப்பட்டது. பாதியில் முறிந்த காட்சி ஆவலை வளர்த்தது. ஈராண்டுக்கும் மேலாகப் பரிமாறப்பட்ட விருந்தைப் பத்து நாளில் உண்டால் அமுதும் திகட்டும்.

வேறு வகைச் சலிப்புகளும் உண்டு. 1879இல் வெளிவந்த, தமிழின் முதல் புதினமான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் கிளைக்கதைகளும் அறவுரைகளும் அடிக்கடி குறுக்கிடும். உரைநடை இலக்கியம் அருகியிருந்த காலத்தில், கதை வழியே அறம் புகட்ட விரும்பினார் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அந்நோக்கத்தை அறிந்தால் அவற்றைப் பொறுமையுடன் கடக்கலாம். இன்னும் சில நூல்களுக்கு நம் வயதும் பட்டறிவும் கனிய வேண்டியிருக்கும். அங்கே விடாமுயற்சியால் மட்டும் பயனில்லை.

முற்றுப்பெறாத ரதங்கள்

மாமல்லபுரத்தில் சிற்பிகள் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினர். தருமராச ரதத்தின் மேல்தளங்கள் எழிலுடன் விளங்க, அடித்தளம் முற்றுப்பெறாமல் நிற்கிறது. பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் முடிவுறாதவையே. ஆயினும் செதுக்கிய அளவிற்கு அவற்றின் உருவம் தெளிவாகத் தெரிகிறது. அதுபோலப் பாதி படித்த நூலும், படித்த அளவிற்கு நம்முடையதே. ஆனால், இரண்டு முறை உளி பட்டதும் கைவிடப்பட்ட பாறையில் எந்த உருவமும் தோன்றாது.

அம்மாணவியிடம் நாளுக்கு ஓர் அத்தியாயம் மட்டும் படிக்கச் சொன்னேன். நூலகத் தவணையை நீட்டித்துக்கொண்டு, இரண்டு பாகங்களைப் படித்து முடித்தாள். பின்னர் நூலைத் திருப்பித் தந்து, சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டாள். “மீதியைப் பிறகு படிப்பேன், ஐயா” என்றபோது அவள் குரலில் குற்றவுணர்வு இல்லை. எனக்கும் குறையொன்றும் தோன்றவில்லை.

மாணவர்களே! ஒரு நூல் சலிப்பூட்டினால் முதலில் அதன் காரணத்தைத் தேடுங்கள். பின்னர், படிக்கும் முறையை மாற்றிப் பாருங்கள். ஒரு பாகமேனும் கடந்த பின்னும் மனம் ஒன்றவில்லையெனில் தயங்காமல் மூடி வையுங்கள். ஆனால், நின்ற இடத்தையும் நின்றதற்கான காரணத்தையும் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து அந்நூலை மீண்டும் எடுக்கும்போது, இடையில் நீங்கள் எவ்வளவு வளர்ந்திருக்கிறீர்கள் என்பதை அவ்வொரு வரி காட்டும்.