சேந்தமங்கலத்தில் ஓர் இரவு

முழங்கால் நோயினால் நெடுநேரம் அமர்ந்து பயணம் செய்ய இயலாதவர் எம் அன்னையார். எண்பதை நெருங்கும் அவருக்குக் கொல்லிமலையைக் காணவேண்டுமென்று நீண்டநாள் ஆசை. திரைப்பட நடிகர்களுக்கென்றே உள்ளதாக நாம் எண்ணியிருந்த 'கேரவன்' இப்போது வாடகைக்கும் கிடைக்கிறது என்றறிந்து, கட்டிலும் அடுப்படியும் கொண்ட அவ்வண்டியொன்றில் சேலத்திலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டோம்.

நாமக்கல்லில் ஒரே பாறையாய் நிற்கும் மலையையும், அதன் உச்சியிலுள்ள கோட்டையையும் அன்னையார் சன்னல் வழியே கண்டு மகிழ்ந்தார். லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகளைத் தாண்டிச் சேந்தமங்கலம் சேர்ந்தபோது ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். "மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுங்க. இந்த நீளத்துக்குத் திரும்பாதுங்க" என்றார். முன்கூட்டியே கேட்டறியாதது எம் பிழையே. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. எதிரே நீலமாய்த் தெரிந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் இவ்வூரின் பழமை எமக்கு நினைவில் எழுந்தது. இன்று பேரூராட்சியாக விளங்கும் சேந்தமங்கலம், பதினேழாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கருக்குத் திறை செலுத்திய இராமச்சந்திர நாயக்கரின் தலைநகர். நாமக்கல் கோட்டையைக் கட்டியவரும் அவரே என்பர். தத்துவ போதகர் என்று நம் முன்னோர் போற்றிய இராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1623ஆம் ஆண்டு இங்கு வந்தார். காவியுடுத்து, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்றுத் துறவியாய் வாழ்ந்த அவர்மீது சொந்தச் சபையினரே குறை கூறிப் பல்லாண்டு வழக்காடினர். அவ்வாண்டு சனவரித் திங்களில்தான் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவர் முறைக்கு இசைவளித்திருந்தார். மதுரையை விட்டுத் திருச்சி வழியாக வந்த அவரை நாயக்கர் அன்புடன் வரவேற்று, கோயில் எழுப்ப நிலமும் தர முன்வந்தார். அடுத்துச் சென்ற சேலத்தில் நிலைமை வேறு. தங்க நல்லிடமின்றி நோயுற்றுத் துன்புற்ற பின்னரே அந்நகர்த் தலைவரின் ஆதரவு அவருக்குக் கிட்டிற்று. சேலத்தவராகிய எமக்கு இதைச் சொல்லச் சற்று நாணமாகத்தான் இருக்கிறது!

"அந்த நிலம் எங்கே?" என்று அன்னையார் கேட்டார். மாலைவரை தேடினோம். கடைவீதியில் கேட்டோம், பெருமாள் கோயிலருகே அமர்ந்திருந்த முதியவரையும் கேட்டோம். எவரும் அறிந்திலர். "நாயக்கர் இருந்த ஊருன்னு தெரியும். சாமியாரு வந்தது தெரியாதுங்களே" என்றார் அப்பெரியவர். நான்கு நூற்றாண்டுகள் கடந்தபின் வேறென்ன எதிர்பார்ப்பது?

இருட்டத் தொடங்கியது. எம் வண்டியை நிறுத்தத் தெருவில் இடமில்லை. வழி மறைக்கிறதென்று இரண்டிடங்களில் எழுப்பிவிட்டனர். கட்டிலும் அடுப்பும் உடனிருந்தும், ஓர் இரவு நிற்பதற்கு அடுத்தவர் மண் வேண்டியிருந்தது. முதியவர் அதைக் கண்டு கைத்தடியுடன் வந்தார். "பெரியம்மாவை வெச்சுக்கிட்டு எங்கே போவீங்க? நம்ம களத்துல நிறுத்துங்க, தம்பி" என்று ஊர்ப்புறத்திலிருந்த தம் களத்துமேட்டுக்கு வழி காட்டினார். எந்த ஊர், என்ன மதம் என்று அவர் வினவவே இல்லை. அவர் இல்லத்திலிருந்து ஒரு தூக்குப்பாத்திரம் நிறையத் தயிரும் வந்தது.

விடியற்காலையில் வண்டியின் கதவைத் திறந்தபோது மலை முழுவதும் கண்முன் நின்றது. அடிவாரம்வரை குச்சிக்கிழங்குக் கொல்லைகள். முகட்டில் மேகம் தங்கியிருந்தது. அன்னையார் படியிலேயே அமர்ந்து, வெயில் ஏறும்வரை செபமாலையைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்தார். மேலே போகவேண்டுமென்று மறுபடி அவர் கேட்கவில்லை.

புறப்படும் வேளையில் பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தரப் போனோம். "வெறும் பாத்திரத்தையா கொடுப்பீர்கள்?" என்று தடுத்து, வழிக்கென்று வைத்திருந்த வெல்லத்தில் பாதியை எடுத்து அதில் இட்டார் அன்னையார்.