வாரம் ஒருநாள் வரும் டீச்சர் போதுமா?



பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்ட கேள்வி இது. "சார், பையன் ரெண்டாவது படிக்கிறான். அறிவுசார் குறைபாடுன்னு அட்டை வாங்கியாச்சு. பக்கத்து கவர்மென்ட் ஸ்கூலுக்கு ஸ்பெஷல் டீச்சர் வாரத்துல ஒருநாள்தான் வராங்க. தனியா ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்த்துடட்டுமா?" பெயர் வேண்டாம். உங்களில் இன்னும் சிலர் வீட்டிலும் இதே கேள்வி இருக்கும் என்பதால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

முதலில் உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ சான்று பெற்ற பிள்ளை 6 வயது முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். அரசுப் பள்ளி "இங்கே வேண்டாம்" என்று சொல்ல சட்டத்தில் இடமில்லை.

என் யோசனை, பக்கத்துப் பள்ளியே நல்லது. காரணம் சொல்கிறேன்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பத்து நிமிடம் உட்கார மாட்டான். வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்பாசிரியர் நாலு அட்டையில் நாலு படம் வரைந்தார்: பிரேயர், பாடம், சாப்பாடு, விளையாட்டு. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே அட்டையைத் திருப்பி வைக்க வேண்டும். அடுத்து என்ன வரும் என்று தெரிந்ததும் அவன் பதற்றம் குறைந்தது. அந்த வித்தையை நான் மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படுத்தினேன். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் அவனுக்கு அட்டை எடுத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். இது தனிப் பள்ளியில் கிடைக்காது.

ஆனால் அடுத்த வாரம் அவர் வருவதற்குள் பாதி மறந்துபோகும். அவர் கையில் பல பள்ளிகள். மழை, மீட்டிங், முகாம் என்று ஒரு வாரம் தவறினால் இரண்டு வாரம் இடைவெளி. குறை அவரிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் அவர்கள். 2024-25இல் பிஎம் ஸ்ரீ ஒப்பந்தப் பிரச்சினையில் இந்தத் திட்டத்துக்கான மத்திய நிதி தமிழ்நாட்டுக்கு நின்றபோது, அவர்கள் சம்பளமும் சேர்ந்தே கேள்விக்குள்ளானது.

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரிலேயே அளவு சொல்லிவிட்டது: தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கி அறிவிக்கச் சொல்லி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட்டது. சீர்திருத்தம் என்றால் எனக்கு இதுதான். ஆசிரியர் பிள்ளையைத் தேடி தினமும் வர வேண்டும்.

இல்லாவிட்டால் யார் அலைவது? அம்மாதான். சிப்காட் கம்பெனியில் ஷிப்ட் வேலை. பயிற்சிக்குப் பிள்ளையை மையத்துக்குத் தூக்கிப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும் என்றால் இன்னும் கஷ்டம். கும்மிடிப்பூண்டி ரயில் பாதை ஒரு பக்கம், திருவள்ளூர் பாதை இன்னொரு பக்கம். ரயிலில் போவதென்றால் சென்னை வரை வந்து வண்டி மாற வேண்டும். நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறி இறங்கும் தாய்மார்களை அந்த பிளாட்பாரங்களில் நான் பார்த்திருக்கிறேன்.

உங்களில் பலர் இன்று பெற்றோர். சிலர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள். ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர், கடந்த மூன்று மாதத்தில் சிறப்பாசிரியர் எத்தனை நாள் வந்தார் என்று எழுதுங்கள். குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுங்கள். வந்தவரைக் குறை சொல்லி எழுதாதீர்கள். "இவரை எங்கள் பள்ளிக்கே நிரந்தரமாகக் கொடுங்கள்" என்று எழுதுங்கள்.

மனு எழுதத் தெரியாதவர்கள் எனக்கு போன் செய்யுங்கள். எழுதித் தருகிறேன். ரிட்டயர் ஆனவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்?