மோட்டார் பாக்கி

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்த வீட்டில், சாவு விழுந்த வீட்டைப் போல ஒரு மௌனம் இருக்கும் என்று நான் ஒரு நாவலில் எழுதியிருக்கிறேன். எழுதிய காலத்தில் அப்படிப்பட்ட வீடு எதையும் நான் பார்த்ததில்லை. 2016-ஆம் வருஷம் கோடையில் காவாந்தண்டலத்துக்குப் போனபோதுதான் பார்த்தேன். மௌனமாவது ஒன்றாவது! பெரியம்மா வாசலில் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தாள். பெரியப்பா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தை மூக்குக் கண்ணாடிக்கு நேரே பிடித்து, படித்ததையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஊரில் யாருக்கும் ஒரு காசு பாக்கி வைத்தவன் இல்லையடா நான்" என்றார், என்னைப் பார்த்ததும்.

அது உண்மைதான். ஆனால் சம்மனில் இருந்ததும் பொய்யல்ல.

காவாந்தண்டலம் செய்யாற்றங்கரை ஊர். ஆற்றங்கரை என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, செய்யாற்றில் தண்ணீர் ஓடுகிற நாட்கள் சொற்பம். மற்ற நாட்களில் மணல்தான். கழனிக்குக் கிணறும் மோட்டாருமே கதி. 2012 டிசம்பரில், நவரைப் பட்டத்துக்காக, பெரியப்பா ஒரு மோட்டார் வாங்கினார். கடைக்காரர் பெயர் வேண்டாம். பக்கத்து டவுனில் கடை வைத்திருந்தவர். அவரே வந்து கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்த்து, "இதற்கு இந்த மோட்டார்தான் சரி" என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தார். விலை 48,000 ரூபாய். கையில் 20,000. மீதி 28,000 ரூபாயை அறுவடை முடிந்து, ஏப்ரல் கடைசியில் தருவதாகப் பேச்சு.

பிப்ரவரியில், பயிர் கதிர் விடுகிற சமயம் பார்த்து, மோட்டார் புகைந்துவிட்டது. காயில் கட்டிக்கொண்டு வந்து மாட்டினால் பத்து நாள் ஓடும், மறுபடி புகையும். இப்படி மூன்று தடவை. நெல்லில் பாதி பதராய்ப் போயிற்று.

கடைக்காரர் என்ன சொன்னார்? "வோல்டேஜ் இல்லை, ஐயா. மோட்டாரைக் குற்றம் சொல்லாதீர்கள்" என்றார். அந்த வருஷம் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆகையால் அவர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது.

பெரியப்பா மீதிப் பணத்தைக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று போய்ச் சொல்லவும் இல்லை. வந்து கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். அவரோ வரவேயில்லை. மூன்று வருஷம் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. 2016 ஏப்ரலில், கெடு தீரச் சில நாட்களே இருக்கும்போது, கடைக்காரர் வட்டியும் சேர்த்து வழக்குப் போட்டுவிட்டார்.

அன்று இரவே நான் பேனாவை எடுத்தேன். எழுத்தாளன் வீட்டில் இருக்கும்போது வக்கீல் எதற்கு? நான்கு பக்கம். விவசாயியின் கண்ணீர், வியாபாரியின் வஞ்சகம் எல்லாம் அதில் இருந்தன. கடைசியில், நஷ்ட ஈடாக இரண்டு லட்சம் ரூபாய் அவர்தான் எங்களுக்குத் தரவேண்டும் என்று முடித்திருந்தேன். இரண்டு லட்சம் என்பது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். வாக்கியத்தின் ஓசைக்குப் பொருத்தமாக இருந்தது.

மறுநாள் பெரியப்பாவுடன் காஞ்சிபுரம் போய், வக்கீலாக இருக்கும் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதனிடம் அதைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "தொடர்கதையாகப் போடலாம்" என்றான். பிறகு பெரியப்பாவிடம் தேதிகளைக் கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டான். அவன் முகம் சுருங்கிவிட்டது.

நான் கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் படித்தவனல்ல. எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். வழக்குப் போட்டவனையே, "நீதான் எனக்குத் தரவேண்டும்" என்று திருப்பிக் கேட்பதற்கு எதிர்க் கோரிக்கை என்று பெயர். சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தத்தால் சேர்ந்த விதி அது. ஆனால் அது தனி வழக்கு மாதிரி. வாதியைப் போலவே கோர்ட்டுக் கட்டணம் கட்டவேண்டும். அதைக் கோர்ட்டில் வைக்கிற தேதிக்குள் நம்முடைய கெடு தீர்ந்திருக்கக் கூடாது. கடைக்காரருடைய மூன்று வருஷம் ஏப்ரல் கடைசியிலிருந்து தொடங்கியது. நம்முடையதோ மோட்டார் கைக்கு வந்த டிசம்பரிலேயே தொடங்கி, வழக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது! ஆக, இரண்டு லட்சமும் போயிற்று.

அதே சட்டத்தில் 'செட்-ஆஃப்' என்று இன்னொன்றும் உண்டு. கடனுக்குக் கடன் கழிப்பது. அதற்குத் தொகை நிச்சயமானதாக இருக்கவேண்டும். சட்டப் புத்தகத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஏ என்பவன் பி மேல் உண்டியல் பணத்துக்கு வழக்குப் போடுகிறான். 'என் சரக்குக்கு நீ இன்ஷ்யூர் செய்யத் தவறினாய், அந்த நஷ்டத்தைக் கழித்துக்கொள்' என்கிறான் பி. முடியாது, தொகை நிச்சயமில்லை என்கிறது சட்டம். (இந்த ஏ-யும் பி-யும் நூறு வருஷத்துக்கு மேலாக ஓயாமல் சண்டை போடுகிறார்கள். என் கதாபாத்திரங்களுக்கு அந்த ஆயுள் இல்லை.) பதராய்ப் போன நெல்லுக்கு நிச்சயத் தொகை ஏது?

"அப்படியானால் முழுப் பணத்தையும் கட்டிவிட வேண்டியதுதானா?" என்று கேட்டேன்.

பெரியப்பா குறுக்கிட்டார். "இந்தா பாரப்பா. அவன் காசு எனக்கு ஒன்றும் வேண்டாம். நான் அவனிடம் கேட்கவும் இல்லை. அவன் கெடுத்ததைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை வாங்கிக்கொள்ளட்டும் என்கிறேன். அதற்குச் சட்டம் இல்லையா?"

சிநேகிதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இருக்கிறது, ஐயா. அதற்குத்தான் இருக்கிறது!" என்றான்.

1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 59-ஆவது பிரிவை எடுத்துக் காட்டினான். விற்றவன் உறுதி தவறினால், வாங்கினவன் தனியாக நஷ்ட ஈடு கேட்கலாம். அல்லது, விலையில் அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லலாம், விலை முழுவதுமே தீர்ந்துபோகிற வரையில். இது எதிர்க் கோரிக்கை அல்ல, எதிர்வாதம். 'பாக்கியே அவ்வளவு இல்லை' என்று சொல்வது. வாள் அல்ல, கேடயம். கேடயத்துக்குக் கெடுவும் கிடையாது என்பது அவனுடைய வாதம். சென்னை ஹைக்கோர்ட்டிலேயே 1865-இல், கிளார்க் என்பவருக்கும் ரத்தினவேலுச் செட்டி என்பவருக்கும் நடந்த வழக்கில், ஒரே பேரத்தில் பிறந்த இரண்டு கோரிக்கைகளை ஒன்றுக்கொன்று கழிப்பதுதான் நியாயம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அமெரிக்காவில் இதற்கு 'ரீகூப்மென்ட்' என்று பெயர். 1935-இல் அங்கே உச்ச நீதிமன்றத்தில் புல் என்பவருடைய எஸ்டேட் பற்றி ஒரு வழக்கு வந்தது. ஒரே பணத்தின்மேல் சர்க்கார் இரண்டு விதமாக வரி கேட்டது. முதல் வரியைத் திருப்பிக் கேட்கக் கெடு போய்விட்டது. ஆனாலும், இரண்டாவது வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயிற்று. அந்த வார்த்தை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்ததாம்; 'வெட்டிக் குறைப்பது' என்று அர்த்தம். என்னுடைய நான்கு பக்கத்தையும் அவன் அப்போதே அப்படித்தான் செய்தான். ஒன்றே கால் பக்கம் மிஞ்சியது.

"நஷ்டக் கணக்கு வேண்டுமே, ஐயா?"

பெரியப்பா பையிலிருந்து பழைய நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். மூன்று வருஷமாக யாரும் கேட்காத கணக்கு அதில் இருந்தது. பதராய்ப் போன நெல் 20 மூட்டை, 900 ரூபாய் வீதம் 18,000. அறுக்காததால் மிச்சமான அறுப்புக் கூலி 3,000 கழிவு. காயில் கட்டியது மூன்று தடவைக்கு 7,500. ஆக நஷ்டம் 22,500. தான் கொடுக்கவேண்டியது 5,500 என்று அடியில் கோடு போட்டிருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெரியப்பா, அறுப்புக் கூலியை ஏன் கழித்தீர்கள்? சொர்ணவாரிக்கும் அந்த மோட்டார் நின்று நின்றுதானே ஓடியது? அதையும் எழுதலாமே!"

"நின்று நின்று ஓடினாலும் ஓடியது. நெல் விளைந்தது. விளைந்ததை விளையவில்லை என்று எழுதச் சொல்கிறாயா?"

எங்கள் ஊருக்குக் கொஞ்ச தூரத்தில்தான் உத்திரமேரூர். ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன், பராந்தக சோழன் காலத்தில், சபைப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரர்களும் குடவோலையில் நிற்கக் கூடாது என்று கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர். பெரியப்பா அதைப் படித்தவரல்ல. ஆனால் இரண்டு லட்சம் எழுதின சொந்தக்காரன் ஒருவன் அவருக்கு இருந்தானே என்று அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வழக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. கடைக்காரர் வோல்டேஜைப் பிடித்துக்கொண்டார். அதே டிரான்ஸ்பார்மரில் ஓடிய பக்கத்துக் கழனி மோட்டார்கள் புகையவில்லையே என்று நாங்கள் கேட்டோம். இரண்டிலும் உண்மை இருந்தது என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. கடைசியில் லோக் அதாலத்தில் 7,000 ரூபாய்க்கு முடிந்தது. அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது. வாதி கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

வெளியே வந்தபோது கடைக்காரர் பெரியப்பாவிடம், "ஐயா, இந்த நோட்டை அன்றைக்கே கொண்டுவந்து காட்டியிருந்தால் கோர்ட்டுக்கே வந்திருக்க மாட்டேனே" என்றார்.

"நீ வந்து பணம் கேட்கவே இல்லையே, தம்பி."

"கேட்டால் மோட்டாரைப் பற்றிப் பேசுவீர்களே என்றுதான் வரவில்லை."

பெரியப்பா சிரித்தார் என்று எழுத ஆசைதான். அவர் சிரிக்கவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்து, எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணி, அவர் கையில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டார். பஸ் ஏறின பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. அந்த மோட்டார் யாருக்கு என்று சமரசக் காகிதத்தில் யாருமே எழுதவில்லை. அது இன்னும் மாட்டுக் கொட்டகையில்தான் கிடக்கிறது. பெரியம்மா அதன்மேல் தவிட்டு மூட்டையை வைத்திருக்கிறாள்.