துண்டுச் சீட்டும் விசாவும்

"ஆள் கிடைக்கலைப்பா..."

பெரம்பலூர் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் காதில் விழும் வசனம் இது. செட்டிக்குளம், ஆலத்தூர் பக்கம் சின்ன வெங்காயம். நடுவது, களையெடுப்பது, பிடுங்குவது, தாள் அரிவது எல்லாமே கைவேலை. பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை. அரியலூர் மாவட்டத்தில் செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரி. அதற்கும் கொட்டை பொறுக்க ஆள் வேண்டும்.

சரி, ஆண்கள் எங்கே? சிங்கப்பூர், மலேசியா, துபாய், சவுதி என்று வரிசையாகப் பதில் வரும். வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் முதலாளிகள் சொல்வது இதே வசனம்தான், "ஆள் கிடைக்கல". அதற்காகத்தான் அரசாங்கங்கள் தற்காலிக வெளிநாட்டுத் தொழிலாளர் திட்டங்களை வைத்திருக்கின்றன. வா, இந்த முதலாளியிடம் மட்டும் வேலை செய், காலம் முடிந்ததும் ஊருக்குப் போ. அவ்வளவுதான் திட்டம்.

குன்னம் பக்கத்தில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் மக்காச்சோளம், இல்லாவிட்டால் கடன். 2018-ல் படைப்புழு வந்து இந்தப் பக்கத்து மக்காச்சோளத்தை ஒரு வழி பண்ணிவிட்டது. கணவர் மனைவியின் நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, சவுதியில் ஒரு தோட்ட வேலைக்குப் போகிறார். மனைவி ஊரில் வெங்காயக் காட்டுக்குப் போகிறார்.

இருவர் செய்வதும் விவசாயக் கூலி வேலைதான். சம்பளம் கணவருக்கு அதிகம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. காட்டுக்காரர் கூலியைக் குறைத்தாலோ மரியாதை இல்லாமல் பேசினாலோ, அந்த அம்மா நாளைக்கு வேறு காட்டுக்குப் போய்விடலாம். கணவர் போக முடியாது. அவருடைய விசாவே அந்த முதலாளியின் பெயரில் இருக்கிறது.

இது புதுக்கதை இல்லை. பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தவை. அந்தத் திருச்சி மாவட்டத்திலிருந்துதான் கங்காணிகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஏராளமான ஆட்களைக் கூட்டிப் போனார்கள். முன்பணம் கொடுப்பார்கள். அது கடனாக ஏறும். இலங்கையில் இதற்குத் 'துண்டு' என்று ஒரு சீட்டே இருந்தது. இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுப்பது. துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடையாது. 1921-ல்தான் அதை ஒழித்தார்கள். 1938-ல் கூலி வேலைக்கு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதையே இந்திய அரசு தடை செய்தது.

துண்டு போய்விட்டதா? சவுதி அரசு 2021 மார்ச்சில், தனியார் நிறுவனத் தொழிலாளர்கள் வேலை மாறுவதைக் கொஞ்சம் எளிதாக்கியது. ஆனால் அந்தச் சீர்திருத்தத்தில் தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர், டிரைவர், வீட்டு வேலைக்காரர் யாரும் சேர்க்கப்படவில்லை. யாருக்கு அது ரொம்பத் தேவையோ அவர்கள்தான் விடுபட்டார்கள்!

அப்படியானால் இந்தத் திட்டங்களையே மூடிவிட்டால் என்ன என்று தோன்றும். அமெரிக்கா அதையும் செய்து பார்த்தது. 1942-லிருந்து மெக்சிகோ தொழிலாளர்களைப் 'பிரசேரோ' திட்டத்தில் பண்ணைகளுக்கு எடுத்தவர்கள், உள்ளூர்க் கூலி உயரும் என்று சொல்லி 1964 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். கிளெமென்ஸ், லூயிஸ், போஸ்டல் என்ற மூவரின் ஆய்வு 2018-ல் வந்தது. நிறுத்தியதால் உள்ளூர்க் கூலி உயரவில்லை என்பது அவர்கள் கண்டது. பண்ணைக்காரர்கள் தக்காளி பறிக்க மெஷின் வாங்கினார்கள். மெஷின் இல்லாத பயிர்களைக் குறைத்துக்கொண்டார்கள். ஆக, கதவைச் சாத்தியதால் அங்கிருந்த தொழிலாளிக்கு லாபம் இல்லை. மெக்சிகோக்காரருக்கு இருந்த பிழைப்பும் போயிற்று.

நம் பக்கத்தில் இன்னொரு காட்சி இருக்கிறது. காவிரி டெல்டாவில் இப்போது மேற்கு வங்கத்திலிருந்து குழுக்கள் வந்து நடவு நடுகின்றன. அவர்களும் வெளியூர்க்காரர்கள், மொழி தெரியாதவர்கள், ஏமாற்றப்படக் கூடியவர்கள். ஆனாலும் ஒரு வயலில் பிடிக்காவிட்டால் சட்டப்படி அடுத்த வயலுக்குப் போகலாம். போலீஸ் பிடித்து ஊருக்கு அனுப்பாது.

ஆக, வெளியாள் வருவதிலோ நம்மாள் போவதிலோ தப்பில்லை. போன இடத்தில் ஒரே முதலாளியோடு கட்டிப்போடுவதுதான் தப்பு. அதோடு கடனும் சேர்ந்தால் கட்டு இன்னும் இறுகும். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் சட்டப்படி அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும்தான். இது தெரியாமல் லட்சக்கணக்கில் கட்டிவிட்டுப் போகிறவர், அங்கே எது நடந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருப்பார். அவர் கையில் துண்டு கிடையாது. அடகுக்கடைச் சீட்டு இருக்கிறது.

டீக்கடை வசனத்துக்கு வருவோம். "ஆள் கிடைக்கல" என்பது இரண்டு ஏக்கர் வெங்காயக்காரருக்கு உண்மையிலேயே கஷ்டம்தான். விலை விழுந்த வருஷத்தில் அவர் எங்கிருந்து கூடக் கூலி கொடுப்பார்? ஆனால் களை வெட்டும் அந்த அம்மாவுக்கு அதே வசனம்தான் பலம். ஆள் கிடைக்காததால்தான் அவரை மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். பிடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போகலாம் என்ற அந்தப் பலம், கடல் தாண்டிப் போன கணவருக்கும் கிடைக்கட்டும்.