பாம்படத்தின் எடை

வடசேரியில் எங்கள் பட்டறை. கோவில் நகை செய்யும் குடும்பம். வெள்ளித் தகட்டில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிறைத்து, சிவப்புக் கல் பதித்து, சுற்றிலும் தங்க ரேக்கு அழுத்துவது அப்பாவின் வேலை. முதலில் சாமிக்கு, பிறகு பரதநாட்டியம் ஆடுகிறவர்களுக்கு. நாகர்கோவில் கோவில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா சந்தோஷப்பட்டார். ஆனால் எங்கள் பட்டறையில் அடுப்பு கூடுதலாக எரிந்துவிடவில்லை.

அதனால்தான் நான் கம்ப்யூட்டரில் நகை வரையப் படித்தேன். இப்போது நிச்சயதார்த்தம் என்றால் தாம்பூலத்தோடு மோதிரமும் மாற்றுகிறார்கள். பெண்களே நேரில் வந்து டிசைன் சொல்கிறார்கள். அப்பா கோவில் நகை, நான் மோதிரம் என்று ஆயிற்று.

போன வருஷம் ஒருத்தி வந்தாள். சென்னையில் ஐசியூ நர்ஸ். "கல்லு தூக்கி நிக்கப்பிடாதுக்கா, கையுறை கிழிஞ்சிரும்" என்றாள். நான் காட்டிய மோதிரம் எல்லாம் நாலு கொக்கி பிடித்துக் கல்லை உயர்த்தி நிறுத்துபவை. அப்பா எட்டிப் பார்த்து, "கல்லச் சுத்தித் தங்க வரம்பு எழுப்பிப் பதிச்சா போதும், எதுலயும் உடக்காது" என்றார். அதற்குப் பிறகு அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அவளுடைய ஆச்சியின் பாம்படம், ஒரு ஜோடி.

"இத உருக்கி ரெண்டு மோதிரம் செய்யணும் மாமா. எனக்கும் அவருக்கும்."

தராசில் 38 கிராம் காட்டியது. அவள் முகம் மலர்ந்தது. அப்பா சொன்னார், "உள்ள முழுக்க அரக்கு பிள்ளே. பாதிதான் தேறும். இத நான் உருக்க மாட்டேன். எடுத்துட்டுப் போ."

அவள் போன பிறகு எனக்கு ஆத்திரம். வருகிற வேலையை இப்படி விரட்டினால் கடை வாடகையை யார் கொடுப்பது? ராத்திரி சோறு போடும்போது கேட்டே விட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்கம்மைக்குள்ளத நாந்தான் உருக்குனேன் மக்களே. ஒன் காலேஜ் பீஸுக்கு."

ஆச்சியின் பாம்படம் அடகில் இருக்கிறது என்றே நான் நினைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் நான் இழுக்கிற ஒவ்வொரு கோட்டுக்கும் அதுதான் விலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "வித்திருக்கலாம்லா?" என்றேன். "வித்தாலும் வாங்குனவன் உருக்கத்தான் செய்வான். அதான் நானே செஞ்சேன். அம்மை கேக்கவே இல்ல. நானும் சொல்லல."

அடுத்த வாரம் அந்தப் பெண் ஆச்சியையே கூட்டிக்கொண்டு வந்தாள். காது வளர்த்த காலத்து மனுஷி. தொங்கிய காதைப் பிற்பாடு வெட்டித் தைத்திருந்தார்கள். தையல் தழும்பு தெரிந்தது.

"போடக் காதே இல்ல, பெட்டில இருந்து என்ன செய்ய?" என்றார். "ஒண்ண உருக்கும். ஒண்ணு கெடக்கட்டு. உருக்கும்போ நான் பக்கத்துல இருக்கணும்."

அப்பா மறுக்கவில்லை. மூட்டைப் பிரித்து, சூடு காட்டி அரக்கை வழித்தார். கருகிய வாசம் பட்டறை முழுக்க நிறைந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகைதான் என்று நானும் எடுத்துக்கொண்டேன். கழித்ததில் பத்தரை கிராம். பழைய தங்கம், 22 காரட்டுக்கு மாற்று குறைவு. சுத்தம் பண்ணி, கல் மோதிரத்துக்கு உறுதி வேண்டும் என்று 18 காரட்டாகக் கலந்தோம். ஹால்மார்க் முத்திரையில் 750 என்று விழும்.

மிச்சமிருந்த பாம்படத்தைப் பார்த்துத்தான் மோதிரத்தை வரைந்தேன். அதன் சதுரத் தட்டு மோதிரத்தின் முகமாயிற்று. நடுவில் ஒரு சிறிய சிவப்புக் கல். நான் வரைந்ததைவிட வரம்பை இன்னும் தாழ்த்தி அப்பா கையாலேயே அரத்தில் ராவினார். அவள் கையுறை போட்டுப் பார்த்தாள். எங்கும் உடக்கவில்லை.

மோதிரம் வாங்க ஆச்சியும் வந்திருந்தார். பாம்படத்தை ஒரு கையிலும் மோதிரங்களை மறு கையிலும் வைத்துப் பார்த்தார். அப்பா கூச்சத்தோடு, "அரக்குதான் கூடுதல் ஆச்சி" என்றார்.

"எனக்குத் தெரியாதா? ஆனா காதுக்கு அரக்கும் தங்கமும் ஒரே கனம்தானப்போ."